மருத்துவமாதின் பதிவேடும் முதியோரின் படுக்கையும்

மன்னார்த் தீவின் நெடுகிலும் ஓடும் தலைமன்னார் வீதியில், நகரத்துக்கும் இறங்குதுறைக்கும் இடையே கடலை அணைந்து கிடக்கும் பேசாலைக் கிராமத்தில், மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளரின் வீடு தேடி நற்கருணை செல்லும் வழக்கம், ஏனைய கத்தோலிக்கப் பங்குகளிற் போலவே, நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஆலயத்துக்கு நடந்து வர இயலாதவர் யார், எழுந்து உட்காரவும் மாட்டாதவர் யார், அப்பத்தின் சிறு துண்டையும் ஒரு கரண்டித் தண்ணீரோடு கொடுத்தாலன்றி விழுங்க மாட்டாதவர் யார் என்ற விவரமெல்லாம் புனித வெற்றி நாயகி ஆலயப் பங்கில் தொண்டு செய்வோருக்கு மனப்பாடம். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் பள்ளிவாசலைச் சூழ்ந்து வாழும் மக்களுக்குள்ளும் இத்தகைய அறிவு உண்டு. ஊர் தன் நோயாளரை அறியும். ஆயின், அந்த நோயாளரின் முதுகில் புண் கண்டிருக்கிறதா, சென்ற மாதத்தைவிட அவர் மெலிந்திருக்கிறாரா, இரவில் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பவர் யார், அவ்வாறு புரட்டுபவர் கடைசியாக முழு இராத்திரி உறங்கியது எப்போது என்பனவற்றைக் கிரமமாகக் கேட்டு, எழுதி, அடுத்த மாதம் ஒப்புநோக்கும் பழக்கம் மட்டும் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

இவ்விஷயத்தை இப்போது எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கை மக்களில் 12.4 சதவீதத்தினர் அறுபது வயதை எட்டியவர்களாய் இருந்தனர். 2041 ஆம் ஆண்டளவில் நால்வரில் ஒருவர் அவ்வயதினராய் இருப்பார் என்பது குடித்தொகை ஆய்வாளரின் கணிப்பு. இது நாடு முழுவதற்கும் பொதுவான நிலைமை. மன்னார்க் கரைக்கோ இதன்மேல் இன்னொரு பாரமும் ஏறியிருக்கிறது. தலைமன்னார்ப் புகைவண்டி நின்றுபோன 1990 ஆம் ஆண்டில் கடலைக் கடந்து இராமேசுவரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் போனவர்களும், 2006 ஜூன் மாதத்தில் பேசாலை ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீதே தாக்குதல் நடந்த பின்னர் மறுபடியும் படகேறியவர்களும், அதற்கு முன்னும் பின்னும் கனடா, பிரான்சு, இங்கிலாந்து எனச் சிதறியவர்களும் போக, எஞ்சியிருப்போரில் வயோதிபரின் பங்கு கண்ணுக்குத் தெரியும்படி பெருத்துவிட்டது. புகைவண்டி 2015 இல் திரும்பி வந்தது. போன பிள்ளைகளில் அநேகர் திரும்பவில்லை. நாற்பது வருஷம் வலை இழுத்த தோளும் உப்புக் காற்றில் உலர்ந்த மேனியுமாக இருந்த மனிதர், பிரஷரைக் கவனியாது விட்டதன் பயனாக ஒருநாள் காலையில் பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுகிறபோது, அவரைத் தூக்கி நிறுத்தவேண்டிய கைகள் டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கின்றன.

நமது அரசாங்க வைத்தியசாலைகள் இலவசமாய்ச் செய்யும் வைத்தியத்தை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். பேசாலைப் பிரதேச வைத்தியசாலையிலிருந்து மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், தேவையாயின் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கும் நோயாளியைக் கொண்டு சேர்த்து உயிரைக் காப்பாற்றிவிடுகிறார்கள். துன்பம் ஆரம்பிப்பது ‘துண்டு வெட்டி’ வீட்டுக்கு அனுப்பிய பின்னரே. மூக்கு வழியே போட்ட குழாயும், சலம் போவதற்கு வைத்த குழாயும், ஒரு கிளினிக் கொப்பியும், மூன்று கிழமை கழித்து வரச்சொன்ன திகதியுமாக அவர் வந்து இறங்குகிற வீட்டில், இவற்றையெல்லாம் ஏற்று நடத்தப் போகிறவள் பெரும்பாலும் ஒரு பெண். மகள், மருமகள், பேத்தி, அல்லது வெளிநாட்டுக் காசில் ‘ஆள் பிடித்து’ விட்ட அயலூர்ப் பெண். இவர்களைப் பயிற்றும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1986 இல் ஸ்தாபிக்கப்பட்ட ஹெல்ப்ஏஜ் ஶ்ரீலங்காவும், 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழிவந்த முதியோருக்கான தேசிய செயலகமும் வீட்டுப் பராமரிப்பு உதவியாளரைப் பயிற்றியிருக்கின்றன. சுகாதார அமைச்சு பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்றொரு பதவியையும் உண்டாக்கியிருக்கிறது. எனினும், முறையாகப் பயின்று சான்றிதழ் பெற்ற பராமரிப்பாளர் பலர் இஸ்ரேலுக்கும் யப்பானுக்கும் போவதை நோக்கியே பயில்கிறார்கள் என்பதையும், அவர்கள் அவ்வாறு போவதற்கு அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை என்பதையும் ஒருசேர ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே, கூலிக்கோ அன்புக்கோ, அரசாங்கத்தாலோ தருமத்தாலோ, எவ்வகையிலேனும் ஒருவர் வீட்டுக்கு வந்து சிசுருஷை செய்யும் ஏற்பாடு எதிர்காலத்தில் பெருகியே தீரும். பெருகுகிற அந்தச் சேவை நல்லதா, பயனுடையதா என்று தீர்மானிக்கும் வழி யாது? பெய்ரூத்திலே பிறந்து அமெரிக்காவில் ஆசிரியராயிருந்த அவெடிஸ் டோனபேடியன் என்னும் வைத்திய அறிஞர், சிகிச்சையின் தரத்தை அளக்கப் புகுவோர் அதன் அமைப்பையும், அது செய்யப்படும் முறையையும், அதனால் விளையும் பயனையும் வேறு வேறாக நோக்க வேண்டும் என்று 1966 இல் எழுதினார். ஆள், கட்டில், வாகனம், மருந்து முதலியவை அமைப்பு. வந்தவர் என்ன செய்தார் என்பது முறை. நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பது பயன். நமது நாட்டில் நிறுவனங்கள் எழுதும் வருஷாந்த அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால், முதலாவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகவும், இரண்டாவதைப் பற்றி இத்தனை தரிசிப்புகள், இத்தனை பயனாளிகள் என்ற தொகையாகவும் இருக்கும்; மூன்றாவதைப் பற்றி ஒரு புகைப்படம் இருக்கும்.

அதற்கு மேல் ஒரு படி போகிற நிறுவனங்கள், ‘சேவையில் உங்களுக்குத் திருப்தியா?’ என்று நோயாளியையே கேட்கின்றன. இந்தக் கேள்விக்கு நமது ஊரில் உண்மையான விடை கிடைப்பது அரிது என்பதை நமது மக்களோடு பழகிய எவரும் அறிவர். வீட்டுக்கு வந்தவரைக் குறை சொல்வது நமது பழக்கம் அன்று. வந்து, முற்றத்தில் செருப்பைக் கழற்றி, ‘எப்பிடி இருக்கிறீங்கள் அம்மா?’ என்று கேட்ட பிள்ளையைப் பற்றி இன்னொருவரிடம் கோள் சொல்வதாக அது அந்தத் தாய்க்குப் படும். அன்றியும், குறை சொன்னால் நாளை அந்தப் பிள்ளையும் வராமற் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு நியாயமாகவே உண்டு. கூடத்தில் நிற்கும் மகளுக்கு மனவருத்தம் வந்துவிடக்கூடாதே என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ள, ‘ஒரு குறையும் இல்லை, ஆண்டவர் புண்ணியத்தில் நல்லாப் பாக்கினம்’ என்ற ஒரே விடைதான் எல்லா வீடுகளிலும் வரும். அதை எண்ணிக் கூட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் திருப்தி என்று வெளியிடுவோர் பொய்யுரைக்கவில்லை; ஆனால் எதையும் அறிந்துகொள்ளவும் இல்லை. அபிப்பிராயத்தைக் கேளாமல், நடந்ததைக் கேட்க வேண்டும். நேற்று உங்களைக் குளிப்பாட்டியது யார், ஆணா பெண்ணா? இரவில் எத்தனை தரம் புரட்டினார்கள்? சலம் வந்தபோது எவ்வளவு நேரம் நனைந்தபடி கிடந்தீர்கள்? இந்த மாதத்தில் வந்தவர் ஒரே ஆளா, வேறு வேறு ஆட்களா? மருந்துக் குளிசையை யார் எண்ணித் தருகிறார்கள்? இக்கேள்விகளுக்கு விடை சொல்வதில் யாரையும் நிந்திக்கும் தோஷம் இல்லையாகையால், முதியவர்கள் கூச்சமின்றி விடை சொல்வார்கள்.

கேள்வியினும் சிறந்த சாட்சி உடம்பு. படுத்த படுக்கையாய் இருப்பவரின் பராமரிப்பு எத்தகையது என்பதை, அவரது குதிக்காலையும், முதுகு முடிந்து இடுப்பு தொடங்கும் எலும்பு மேட்டையும் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். அவ்விடங்களில் தோல் சிவந்தோ கறுத்தோ இருந்தால், விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். அழுத்திய இடம் வெளிறி மறுபடி நிறம் கொண்டால் ஆபத்து இன்னும் தொலைவில் இருக்கிறது. வெளிறாமல் அப்படியே நின்றால் உள்ளே சதை நசியத் தொடங்கிவிட்டது. கறுத்த மேனியில் இவ்வெளிறல் கண்ணுக்கு எளிதில் புலப்படாதாகையால், அயலில் உள்ள தோலோடு ஒப்பிட்டு, சூடாயிருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று புறங்கையால் தொட்டும் அறிய வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளவில் பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, கெண்டைக்காலின் கீழே தலையணை கொடுத்துக் குதி மெத்தையில் படாமல் உயர்த்தி, விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்து, ஈரத்தை உடனுக்குடன் மாற்றி வந்தால், இந்தப் புண்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடலாம். புரட்டும்போது ஆளைப் பிடித்து இழுக்கலாகாது. உடம்புக்குக் கீழே மடித்துப் போட்ட ஒரு பெட்சீட்டை இருவர் இரு புறமும் பிடித்துத் தூக்க வேண்டும். இழுத்தால் தோல் உரியும். தகரக் கூரையின் கீழ், சோளகம் வீசாத மத்தியானத்தில், வியர்வையில் ஊறிய பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கிடக்கும் எண்பது வயதுத் தோல் எவ்வளவு விரைவிற் கெடும் என்பதை, அவ்வீட்டில் ஒருநாள் முழுவதும் இருந்தவர் மாத்திரமே அறிவார். கையுறை போட்டுக்கொண்டு பிரஷர் அளந்து, கொப்பியில் எழுதி, விரிப்பை விலக்கிப் பாராமலே எழுந்து போகிற தரிசிப்பைக் கணக்கில் ஒன்று என்று சேர்க்கலாகாது.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பதினைந்து நிமிஷத்தில் ஒரு முதியவரைக் கழுவி, உடுத்தி, உணவூட்டி, அடுத்த வீட்டுக்கு ஓடும் முறை வளர்ந்து, அதற்கு எதிராகப் பெருங்கண்டனம் எழுந்ததன் பின், அரை மணிக்குக் குறைந்த தரிசிப்பு சில விசேஷ சந்தர்ப்பங்களில் அன்றி ஆகாது என்று அந்நாட்டுச் சுகாதாரத் தர நிறுவனமாகிய நைஸ் 2015 இல் வழிகாட்டி வெளியிட்டது. ஊதியம் நிமிஷத்துக்குக் கட்டப்பட்டால் சேவையும் நிமிஷத்துக்குச் சுருங்கும் என்பதற்கு இது பிரத்தியட்ச உதாரணம். இங்கிலாந்திலும் கனடாவிலும் இத்தொழிலிற் புகுந்து, பிறர் பெற்றோரைக் கழுவித் துடைக்கும் நமது பெண்கள் இதை என்னைவிட நன்கு எடுத்துரைப்பர்.

பிறநாடுகளைத் தேடிப் போக வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. வீட்டுக்குச் சென்று செய்யும் சேவையை அளந்து நடத்துவதில் இலங்கைக்கு ஏறக்குறைய நூறு வருஷ அனுபவம் உண்டு. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது முதல், பொதுச் சுகாதார மருத்துவமாது என்னும் பெண் தனக்குக் குறிக்கப்பட்ட எல்லைக்குள் வீடு வீடாய்ப் போய் வருகிறாள். எந்த வீட்டில் எவள் கர்ப்பவதி என்பது அவளது பதிவேட்டில் இருக்கும். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த முதல் பத்து நாளுக்குள் இருமுறை, பின்னர் மூன்றாம் கிழமையளவில், அதன்பின் ஆறாம் கிழமை என அவள் வரவேண்டிய காலங்கள் விதிக்கப்பட்டிருக்கின்றன. வந்தால் தாயின் சூட்டையும் இரத்தப் போக்கையும் மார்பையும், குழந்தையின் தொப்புளையும் பால் குடிக்கும் விதத்தையும் பார்த்து எழுத வேண்டும். எழுதிய அட்டையும், பிள்ளையின் நிறைக்கோடு ஏறி இறங்குவதைக் காட்டும் பதிவேடும் தாயின் கையிலேயே இருக்கும். அலுவலகத்துப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை என்பதால், எந்த வைத்தியரிடம் போனாலும் வரலாறு கூடவே போகும். எழுத்தறிந்த எந்தத் தகப்பனும், கோடு சரிகிறதா உயர்கிறதா என்று தானே பார்த்து அறியலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாட்டில் எங்கேனும் ஒரு தாய் பிரசவத்தால் இறந்தால், அந்த மரணத்தை விதியென்று விட்டுவிடாமல், எங்கே தாமதம் ஆயிற்று, யார் எதைக் காணத் தவறினர் என்று கூடியிருந்து விசாரணை செய்கிறார்கள். 1930 களில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2,000 ஐத் தாண்டியிருந்த தாய்மார் மரணம் இக்காலத்தில் 30 ஐ அண்டி நிற்பதற்கு மலேரியா ஒழிப்பு, வைத்தியசாலைப் பிரசவம், இலவசக் கல்வி, நல்ல மருந்து என்று பல காரணங்கள் உண்டு. எனினும், வீட்டுக்குப் போகிறவள் எதைப் பார்க்க வேண்டும் என்று விதித்து, பார்த்ததை எழுதி, தவறியதை விசாரித்த இந்தக் கிரமத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்பது என் துணிபு.

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போன அந்தக் கிரமம், முதியோர் இறக்கும் வீட்டுக்கு ஏன் போகவில்லை? பிள்ளைக்கு நிறைக்கோடு இருப்பதுபோல முதியவருக்கும் ஒரு நிறைக்கோடு இருந்தால், உணவு சரியாகச் செல்லவில்லை என்பது மூன்றாம் மாதமே தெரிந்துவிடுமே! பிரசவ மரணத்தை விசாரிக்கும் சமுதாயம், எலும்பு தெரியும்படி புண்ணாகிய முதுகோடு ஒரு கிழவர் வைத்தியசாலை வாசலில் வந்து இறங்கும்போது, ‘வயது போனால் அப்படித்தான்’ என்று அமைவது எவ்வாறு தகும்?

பாக்கு நீரிணைக்கு அப்பால், தலைமன்னாரிலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவில் இருக்கும் தனுஷ்கோடிக் கரையைத் தன் எல்லையாகக் கொண்ட தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்ட் 5 ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. பிரஷருக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும், படுத்திருப்போருக்கு இயன்மருத்துவமும் நோய்தணிப்புச் சிகிச்சையும் செய்வதும் அதன் வேலை. அத்திட்டத்துக்கு முன் எடுக்கப்பட்ட ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளோரில் 7.3 சதவீதத்தினருக்கு மாத்திரமே அது கட்டுக்குள் இருந்ததாகக் கண்டார்கள். இத்தனை கோடிப் பேரைத் தேடிச் சென்றோம் என்ற அறிவிப்பினும், அந்த 7.3 பின்னர் எவ்வளவாயிற்று என்பதே நான் அறிய விரும்பும் விஷயம். கேரளத்தின் வழி வேறு. 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், மலப்புறம் முதலிய இடங்களில் அயலவரையே பயிற்றி வீடு வீடாய் அனுப்பிப் பரவி, 2008 இல் மாநில அரசின் கொள்கையாகவே உருப்பெற்றது. ஊர் தன் நோயாளரை அறியும் என்று நான் மேலே சொன்னேனே, அந்த அறிவைத் தாதியின் கைத்திறத்தோடு சேர்த்துக் கட்டியது அவர்களின் சாதனை. முதல் வெள்ளிக்கிழமை வீடு வீடாய்ப் போகிறவர்கள் உள்ள பேசாலையில் இது இயலாத காரியம் அன்று.

ஆட்சேபங்களையும் நான் மறக்கவில்லை. மருத்துவமாதின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதா என்று கேட்பார்கள். ஏற்றலாகாது என்பதே என் விடையும். அவளுக்கு உள்ள வேலையே மிகை. முதியோருக்கென வேறு ஆள் வேண்டும். அவருக்கு மோட்டார் சைக்கிளும், அதற்கு எண்ணெயும், கௌரவமான சம்பளமும் வேண்டும். பணம் எங்கே என்பார்கள். வருமானங் குறைந்த, எழுபதைக் கடந்த முதியோருக்கு அரசாங்கம் கொடுக்கும் மாதாந்தக் கொடுப்பனவு நெடுங்காலம் 2,000 ரூபாவாக இருந்து, படிப்படியாக உயர்ந்து 2025 இல் 5,000 ஆயிற்று. படுத்திருக்கும் ஒருவருக்கு மாதம் முழுவதும் வேண்டிய பம்பர்ஸுக்கே அது போதாது. கவனியாமையின் செலவையும் கணக்கில் எடுப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு விதமாய்த் தோன்றும். பழுத்த படுக்கைப் புண்ணோடு வாட்டில் மாதக்கணக்காய்க் கிடப்பவருக்கு ஆகும் செலவும் அரசாங்கத்தின் செலவே.

பராமரிப்பவளைப் பற்றி எழுதாமல் இந்த விசாரணை பூரணமாகாது. வீட்டுப் பராமரிப்புச் சேவை ஒன்று பயன் தந்ததா என்று பார்க்கும்போது, நோயாளியின் முதுகைப் பார்ப்பதோடு, அவரைப் பார்ப்பவளின் முதுகையும் பார்க்க வேண்டும். மூன்று வருஷமாய் மாமியாரைத் தூக்கித் தூக்கி நாரி விட்டுப்போன மருமகள், திருவிழாவுக்கும் போகாமல், தாய்வீட்டுக்கும் போகாமல், ஒரு சாவீட்டில் ஐந்து நிமிஷம் நிற்கவும் மனம் பதறுகிறவள், இரவில் எழுந்து எழுந்து பழகியதால் நோயாளி உறங்கினாலும் உறக்கம் வராதவள். இவளுக்கு மாதத்தில் இரண்டு நாள் ஓய்வு கொடுத்த சேவை நல்ல சேவை. தூக்கும் வகையை அவளுக்குக் காட்டிக் கொடுத்து, குழாயைக் கழுவும் முறையைச் செய்து காட்டி, அவளைச் செய்யச் சொல்லிப் பார்த்துத் திருத்திவிட்டுப் போகிற தாதி, தானே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுப் போகிறவரைவிட அதிகம் செய்தவர். இதை எந்தப் படிவத்திலும் எழுத இடம் இல்லையாயின், படிவத்தை மாற்ற வேண்டும்.

வடமாகாண சுகாதாரத் திணைக்களத்தையும் மன்னார்ப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையையும் நான் வேண்டுவது பெரிய காரியம் அன்று. பேசாலையிலும் அயற் கிராமங்களிலும் படுக்கையில் உள்ளோரின் பெயர்களை, பங்கும் பள்ளிவாசலும் கிராம அலுவலரும் முதியோர் சங்கமும் சேர்ந்து ஒரு கிழமையில் எழுதித் தந்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு கொடுத்து அதை வீட்டிலேயே வைத்திருக்கச் செய்யுங்கள். அதில் நிறை, தோலின் நிலை, விழுந்த சம்பவம், வைத்தியசாலைக்குத் திரும்பிய திகதி, பராமரிப்பவரின் உறக்கம் ஆகிய ஐந்தையும் மாதந்தோறும் எழுதுங்கள். சதை தெரியும் புண் ஒன்று கண்டால், தாய் மரணத்தை விசாரிப்பதுபோல, தண்டிக்கும் நோக்கமின்றி அதையும் விசாரியுங்கள். ஒரு வருஷம் செய்து பார்த்து, கிடைத்த கணக்கை, நல்லதாயினும் தீயதாயினும், ஊர் மக்கள் முன் வாசியுங்கள்.

கடல் கடந்து வாழும் பிள்ளைகளே, உங்களையும் ஒன்று கேட்கிறேன். ஞாயிறு தோறும் வாட்ஸ்அப்பில் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறீர்கள். அடுத்த முறை அவருடைய குதிக்காலையும் காட்டச் சொல்லுங்கள். காட்டுகிறவளிடம், ‘நீ நேற்று நித்திரை கொண்டனியா?’ என்று கேளுங்கள். அதன் பிறகு எவ்வளவு பணம் அனுப்புவது, எதற்கு அனுப்புவது என்பதைத் தீர்மானியுங்கள்.